வன்னிக் கரையோரச் சமதரையில் சைக்கிள் ஓடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியின் இரு கரையோரங்களிலும் மேடு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. மேற்கே மன்னாரிலிருந்து விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில் வழியாகப் பூநகரிக்குச் செல்லும் ஏ-32 வீதியும், கிழக்கே முல்லைத்தீவிலிருந்து அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய் என்று தெற்கே இறங்கும் வீதியும் கடலையும் களப்பையும் பனங்கூடலையும் மாறிமாறிக் காட்டிக்கொண்டே செல்கின்றன. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதோடு யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னாருக்கு நேரே செல்லும் பாதை கிடைத்தது. தூரத்துச் சைக்கிள் ஓட்டத்துக்கு இலங்கையின் வடக்கில் இவற்றைவிட நல்ல வீதிகள் அரிது. ஆனால் முதன்முறையாக இங்கே வருவோரில் பலர், ஏற்றமில்லாத வீதி இலகுவான வீதி என்ற ஒரே கணக்கோடு வருகிறார்கள். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

இங்கே உடலை வருத்துவது காற்று. ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகிறது. மாரி காலத்தில் வடகிழக்கிலிருந்து வாடை வீசுகிறது. வெட்டவெளியான களப்புகளையும் வயல்களையும் கடந்து வரும் இந்தக் காற்றுக்குத் தடையாக நிற்பது எதுவுமில்லை. காற்றின் எதிர்ப்பு, நமக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. காற்றில்லாத காலையில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவர், அதே 20 கிலோமீற்றர் வேகமுள்ள எதிர்காற்றில் தன் வேகத்தைக் காக்க முயன்றால், அவர் மார்பில் மோதும் எதிர்ப்பு இரண்டு மடங்காக அன்றி நான்கு மடங்காகிறது. அதனால்தான் வேகமானியைப் பார்த்து ஓடுவது இங்கே தவறு. எதிர்காற்றில் வேகம் குறையட்டும் என்று விட்டுவிட்டு, மூச்சும் கால்களும் தாங்கும் உழைப்பை ஒரே அளவில் வைத்திருப்பதே சரியானது.

இதனோடு ஒட்டிய இன்னொரு தவறு, போகும்போது காற்றில் இழந்ததைத் திரும்பும்போது மீட்டுவிடலாம் என்று நம்புவது. ஏ-9 வீதியிலுள்ள பரந்தனுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலான தூரத்தை ஏறத்தாழ 50 கிலோமீற்றர் என்று கொள்வோம். காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போய் வந்தால் ஐந்து மணித்தியாலம் ஆகும். ஒரு வழியில் காற்று தள்ள 25 கிலோமீற்றர் வேகத்திலும், மறுவழியில் எதிர்த்து 12.5 கிலோமீற்றர் வேகத்திலும் ஓடினால் இரண்டும் நான்குமாக ஆறு மணித்தியாலம் செல்லும். இழப்பு எப்போதும் இலாபத்தைவிடப் பெரியது, ஏனெனில் மெதுவாகச் செல்லும் பகுதியிலேயே நாம் அதிக நேரம் இருக்கிறோம்.

காற்று முதுகில் தள்ளும்போது புறப்படுபவர், தன் கால்கள் நன்றாக இருக்கின்றன என்று எண்ணி வெகுதூரம் போய்விடுகிறார். திரும்பும்போது நண்பகல் வெயிலும் முழுக் காற்றும் அவரை ஒன்றாகச் சந்திக்கின்றன. போன வழியே திரும்புவதாயின், காற்று ஓய்ந்திருக்கும் விடிகாலையில் அதை எதிர்த்துப் புறப்பட்டு, அது எழுந்த பிறகு அதனோடு திரும்ப வேண்டும். ஒருவழிப் பயணமாயின், சோளகக் காலத்தில் மன்னாரிலிருந்து பூநகரிக்கும், வாடைக் காலத்தில் பூநகரியிலிருந்து மன்னாருக்கும் ஓடுவது நல்லது. காற்றுக் காலத்தைக் கேட்டறியாமல் திசையைத் தீர்மானிப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். கரையோரத்து மீனவர் எவரிடம் கேட்டாலும் அன்றைய காற்றைத் தெளிவாகச் சொல்வார்.

பக்கக் காற்றின் ஆபத்து வேறு வகையானது. முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கிய வீதியில் சோளகமும் வாடையும் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே வந்து மோதுகின்றன. மன்னார்த் தாம்போதியிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் ஒதுங்க இடமே கிடையாது. காற்றுப் பக்கமாக ஒரு பேருந்தோ பாரவூர்தியோ கடந்து செல்லும்போது, சில நொடிகள் காற்று அடங்குகிறது. அதுவரை காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்த சைக்கிள் அந்தப் பக்கமாகவே, அதாவது வாகனத்தை நோக்கியே, இழுபடுகிறது. வாகனம் கடந்ததும் காற்று மறுபடி அறைகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது தள்ளாட்டத்தைக் கூட்டும். முழங்கைகளைத் தளர்த்தி, உடலைத் தாழ்த்தி, வீதியின் இடப்புற விளிம்பிலிருந்து ஓரடியாவது உள்ளே ஓடினால் இருபக்கமும் தடுமாற இடமிருக்கும். விளிம்போடு ஒட்டி ஓடுவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கரையோர வீதிகளில் அந்த விளிம்பிலேயே மணல் படிகிறது, மணலில் முன்சில்லு வழுக்கினால் மீள்வது கடினம். உயரமான ரிம் உள்ள சில்லுகள் பக்கக் காற்றை அதிகம் வாங்கும் என்பதால், அவற்றை இந்தப் பயணத்துக்குப் பூட்டாமல் விடுவதே மேல்.

சமதரை உடலுக்குத் தரும் தொல்லையையும் குறைவாக மதிப்பிடுகிறார்கள். ஏற்ற இறக்கமுள்ள வீதியில் எழுந்து நின்று மிதிக்கவும், இறக்கத்தில் கால்களுக்கு ஓய்வு கொடுக்கவும் இயல்பாகவே வாய்ப்புக் கிடைக்கும். இங்கே மணிக்கணக்காக ஒரே இருப்பில், ஒரே பிடியில் மிதிக்க நேர்கிறது. சின்னவிரலும் மோதிரவிரலும் விறைத்துப்போவது, உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றி, சிறிது நேரம் எழுந்து நின்று மிதிக்க வேண்டும். கனமான கியரில் மெதுவாக அமுக்கி மிதிப்பது முழங்காலைக் கெடுக்கும். நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வரும்படி இலேசான கியரைத் தெரிவுசெய்தால் காற்றிலும் முழங்கால் தாங்கும்.

தண்ணீர் பற்றிய தவறு உயிரோடு விளையாடுவது. ஓடும்போது காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால், எவ்வளவு நீர் இழந்தோம் என்பது நின்ற பிறகே தெரிகிறது. பனை நிழல் தராது, தெளிந்த உவர்க்களப்போ வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. வெயிலில் மணிக்கு அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் வரை குடிக்க வேண்டியிருக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே நெடுநேரம் ஓடுவதும் பிழை, ஏனெனில் வியர்வையோடு போன உப்பையும் ஈடுசெய்ய வேண்டும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. உப்பிட்ட மோரோ, உடலின் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனிப் பொடி கரைத்த நீரோ அதனோடு சேர வேண்டும். ஏ-32 வீதியில் கடையே இல்லாத நீண்ட துண்டுகள் உண்டு. கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர். இரண்டு போத்தல்களையும் நிரப்பாமல் ஓர் ஊரைத் தாண்டக் கூடாது.

மெல்லிய ரயர்களோடு வருவோர் இங்கே அடிக்கடி நிற்கிறார்கள். நெருஞ்சியும் உடைமுள்ளும் நிறைந்த வீதியோரத்துக்கு 28 அல்லது 32 மில்லிமீற்றர் அகலமுள்ள ரயர்களே ஏற்றவை. ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் லுமாலா போன்ற வழக்கமான சைக்கிளை மின்னல் வேகத்தில் திருத்தித் தருவார். ஆனால் பந்தயச் சைக்கிளின் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்குப் பொருந்தும் பம்மோ, அதன் ரியூப்போ அவரிடம் இருக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. இரண்டு ரியூப், ஒட்டுச் சாமான், கைப்பம் ஆகியவற்றை நம்மோடு கொண்டுபோக வேண்டும்.

எல்லாவற்றிலும் கடுமையாகச் சொல்ல வேண்டியது இதுதான். படம் எடுப்பதற்கோ, நிழல் தேடியோ, ஒதுக்குப்புறம் தேடியோ வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்கக் கூடாது. வன்னியில் மிதிவெடி அகற்றும் பணி போர் முடிந்து பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில் ஓரடிகூட வைக்கலாகாது. பலகை இல்லாத இடத்திலும், ஊர்ச்சனம் நடந்து பழகிய பாதையை விட்டு விலகலாகாது. மழை வெள்ளம் மண்ணை அரித்துப் புதைந்தவற்றை இடம் பெயர்க்கக்கூடும் என்பதால், மாரி முடிந்த கையோடு வருவோர் இதை இரட்டிப்பாக மனத்தில் வைக்க வேண்டும்.

வீதியை மற்றவர்களும் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. காலபோக அறுவடையின்போது விவசாயிகள் வீதியின் ஒரு பக்கத்தில் நெல்லைப் பரப்பிக் காயவிடுகிறார்கள். அதன் மேல் ஏற்றி ஓடுவது ஒரு குடும்பத்தின் உழைப்பை மிதிப்பது. உருளும் நெல்மணி ரயரை வழுக்கவும் செய்யும். கட்டாக்காலி மாடுகள் மழைக்காலத்து இரவுகளில் தாரின் மேலேயே படுத்திருக்கும். காட்டோரத் துண்டுகளில் அந்தியிலும் விடியுமுன்னரும் யானை கடக்கும். ஆகவே விடிகாலையில் புறப்படுவது என்றால் வெளிச்சம் வந்த பிறகு புறப்படுவது என்றே கொள்ள வேண்டும்.

வரைபடத்தைப் பார்த்துக் கிழக்குக் கரையோரம் முழுவதும் ஒரே வீதியில் ஓடிவிடலாம் என்று திட்டமிடுவதும் தவறு. சுண்டிக்குளம், நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என்று களப்புகள் கரையை அறுத்து நிற்கின்றன. சில இடங்களில் உள்நாடு சுற்றியே வர வேண்டும். மழைக்காலத்தில் தாழ்வான பாலங்களின் மேல் நீர் பாயும்போது சைக்கிளைத் தோளில் சுமந்து கடக்க முயலக் கூடாது.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு வருவோர் முள்ளிவாய்க்காலையும் வட்டுவாகலையும் கடக்கிறார்கள். 2009இல் எண்ணற்ற மக்கள் உயிரிழந்த நிலம் அது. அங்கே வேகப்போட்டி வைப்பதும், சைக்கிளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துப் படம் எடுப்பதும் அங்குள்ளவர்களைப் புண்படுத்தும். அவ்விடத்தை அமைதியாகக் கடப்பதே முறை.

வீடு வந்ததும் சைக்கிளை அப்படியே சாத்திவிடுவது கடைசித் தவறு. கடற்காற்றின் உப்பு, செயினிலும் கம்பிகளின் மூட்டுகளிலும் நுண்மையாகப் படிந்து, இரவின் ஈரத்தை இழுத்து ஒரே வாரத்தில் துருவைத் தொடங்கிவிடும். பீய்ச்சியடிக்காமல், நன்னீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, நிழலில் உலரவிட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு, மேலதிக எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெயை முதலில் விட்டுப் பிறகு கழுவுவோர், உப்பையும் மணலையும் செயினுக்குள்ளேயே அடைத்துவைக்கிறார்கள்.