கொங்கு மண்ணிலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகம் வரை: அரசியல் அறிவியல் பேராசிரியராக விரும்புவோருக்கு

முதலில் வேண்டியது ஒரு கேள்வி. "இந்திய ஜனநாயகத்தை ஆராய விரும்புகிறேன்" என்று எழுதினால் பிஎச்.டி. விண்ணப்பம் முதல் சுற்றிலேயே கழிந்துவிடும். கீழ்பவானிப் பாசனத்தைப் பாருங்கள்: 2.07 லட்சம் ஏக்கர். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடச் சொல்கிறது ஒரு தரப்பு. கசிவுநீர் நின்றால் கிணறு வற்றிவிடும் என்கிறது இன்னொரு தரப்பு. இரு தரப்பும் விவசாயிகள்தான். அரசு யார் பேச்சைக் கேட்கிறது, ஏன்? இதற்கு எந்த நாட்டுத் துறையிலும் மதிப்புண்டு. 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன விவகாரத்திலும் அதே தரத்துக் கேள்வி இருக்கிறது.

விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பரில் முடியும். ஆகஸ்டிலேயே எழுதத் தொடங்குங்கள். இரண்டு பக்க நோக்க அறிக்கை, 20-25 பக்க ஆய்வுக் கட்டுரை ஒன்று, மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். நம்மவர்கள் அதிகம் சறுக்குவது கடிதத்தில்தான். "ஒழுக்கமான, கடின உழைப்பாளி மாணவர்" என்று துறைத்தலைவர் தரும் கடிதத்தால் பயனில்லை. உங்கள் கட்டுரையைப் படித்து, அதில் எது புதிது என்று சொல்லக்கூடியவரிடம் கேளுங்கள். கட்டுரையையும் ஒரு பக்கக் குறிப்பையும் கையில் கொடுத்துக் கேளுங்கள். பொறியியல் படித்தவராக இருந்தாலும் தயங்க வேண்டாம், புள்ளியியல் தெரிந்தவருக்கு இத்துறையில் நல்ல இடம் இருக்கிறது. கல்விக் கட்டணமும் உதவித்தொகையும் தராத பிஎச்.டி. இடத்தை ஏற்கவே கூடாது. தோட்டத்தை அடகு வைத்துப் படிக்கும் படிப்பல்ல இது.

முதல் இரண்டு ஆண்டுகள் பாடம், பிறகு தகுதித் தேர்வு, அதன்பின் களஆய்வு. எல்லாம் முடிய ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். களஆய்வில் காலண்டர் இடிக்கும். கீழ்பவானியில் வழக்கமாகத் தண்ணீர் விடுவது ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி. அமெரிக்காவில் வகுப்பு தொடங்குவதும் அதே சமயம்தான். கோடை விடுமுறையில் மட்டும் வந்தால் காய்ந்த வாய்க்காலைத்தான் பார்ப்பீர்கள். ஆகவே நான்காம் ஆண்டு முழுவதையும் களத்துக்கு ஒதுக்குங்கள். ஐந்து மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் மாணவர் விசா நிலைக்கு ஆபத்து வரலாம். முழுநேரப் பதிவு தொடர்கிறது என்று கிளம்பும் முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டி எடுக்கும் முன் பல்கலைக்கழக ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் கட்டாயம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் பட்டறைக்காரரும் விவசாயியும் அப்போதே வாயை மூடிக்கொள்வார்கள். வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி கேளுங்கள்; குழு பெரும்பாலும் தரும். வாசகத்தையும் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள்: "புடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாமுங்க." அரசு ஆவணத்துக்குத் தகவல் உரிமைச் சட்ட மனு, கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ஒரு மனுவில் ஒரே விஷயத்தைக் கேட்டால் தட்டிக்கழிக்க வழி குறையும்.

வேலை விளம்பரங்கள் ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை வரும். நேரில் அழைத்தால் சுமார் 45 நிமிட ஆய்வுரை, பிறகு கேள்விகள். "இது உங்கள் ஊருக்கு மட்டும்தானே?" என்று கட்டாயம் கேட்பார்கள். வேறொரு நாட்டின் பாசனத்தோடோ ஆலையோடோ ஒப்பிட்டு இரண்டு நிமிடம் பேசத் தயாராகப் போங்கள்.

வேலை கிடைத்ததும் விசாவைக் கவனியுங்கள். அரசியல் அறிவியல் பட்டத்துக்குப் பொதுவாகப் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி 12 மாதம்தான். பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல் கிடையாது, அது நிம்மதி. கிரீன் கார்டுக்கு ஆசிரியர்களுக்கென்று தனிச் சலுகை ஒன்று உண்டு: வேலைக்குத் தேர்வான நாளிலிருந்து 18 மாதத்துக்குள், கிரீன் கார்டின் முதல் படியான தொழிலாளர் சான்றுக்குப் பல்கலைக்கழகம் மனு போட்டால் மறுபடி ஆள் தேட வேண்டியதில்லை. இந்தக் கணக்கு, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அல்ல. ஜனவரியில் தேர்வாகி ஆகஸ்டில் சேர்ந்தால் ஏழு மாதம் ஏற்கெனவே போயிருக்கும். எப்போது மனு போடுவார்கள் என்பதைப் பணி ஒப்புதலுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். அந்தச் சான்றுக்கான வழக்கறிஞர் செலவைச் சட்டப்படி பல்கலைக்கழகமே ஏற்க வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வரிசை மிக நீளம். வரிசையில் உங்கள் இடத்தைத் தீர்மானிக்கும் மனுத் தேதி எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது.

நிரந்தரப் பணிக்கான மதிப்பீடு பெரும்பாலும் ஆறாம் ஆண்டில் நடக்கும். புத்தகம்தான் வழி என்றால் இரண்டாம் ஆண்டுக்குள் கையெழுத்துப்படியைப் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். வெளி மதிப்பீட்டுக்கே பல மாதங்கள் போய்விடும். அமெரிக்கக் குடியுரிமை எடுக்கப் போகிறீர்கள் என்றால் இதையும் கணக்கில் வையுங்கள்: 2021 அறிவிக்கையின்படி ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருப்பவர் இந்தியாவில் ஆய்வு செய்யத் தனி அனுமதி பெற வேண்டும். கோபிக்கோ பல்லடத்துக்கோ டிக்கெட் போடுவதற்கு முன்பே அதற்கு விண்ணப்பியுங்கள்.