வளக்கசிவைக் கண்டால் பிழையறிக்கை எழுதுவது எப்படி?

சர்வர் நிரல் சில நாள்கள் ஒழுங்காக ஓடுகிறது; திடீரென்று புதிய இணைப்புகளை ஏற்க மறுக்கிறது. பதிவுக் கோப்பில் ‘திறந்த கோப்புகள் அளவுக்கு மீறிவிட்டன’ என்ற பொருளில் ஒரு செய்தி. மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும் என்பதால் பலரும் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். மூல நிரலைப் படிக்கத் தெரியாதவரும் இதற்கு அருமையான அறிக்கை எழுதலாம்.

முதலில், அது வளக்கசிவுதானா, அதாவது நிரல் தான் திறந்த கோப்புகளையும் இணைப்புகளையும் மூடாமலே விட்டுவிடுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். லினக்ஸில் ‘ப்ராக்’ அடைவுக்குள் ஒவ்வொரு செயலுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) அதன் எண்ணைப் பெயராகக் கொண்ட அடைவு உண்டு. அதனுள் இருக்கும் ‘எஃப்டி’ அடைவில், திறந்திருக்கும் கோப்பு, சாக்கெட் (இணைப்பு முனை) ஒவ்வொன்றுக்கும் ஓர் உள்ளீடு இருக்கும். அவற்றை எண்ணுங்கள். 14 என்று வைத்துக்கொள்வோம். சந்தேகப்படும் வேலையை 100 முறை செய்துவிட்டு மீண்டும் எண்ணுங்கள். 114 ஆகி, சர்வர் ஓய்ந்த பின்னும் இறங்காவிட்டால் கசிவு உறுதி. பல கணினிகளில் ஒரு செயலுக்கான வழக்கமான வரம்பு 1024தான். அது தீர எத்தனை நேரமாகும்? வெறுமனே எண் பெரிதாக இருப்பது மட்டும் சான்றாகாது. சுமை மிகுந்த சர்வர் நியாயமாகவே நிறையத் திறந்து வைத்திருக்கும்.

அடுத்து, அந்த உள்ளீடுகள் எதைச் சுட்டுகின்றன என்று பாருங்கள். ஒரே அமைவுக் கோப்பின் பெயர் நூறு முறை வந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது சிக்கலைச் சுருக்குங்கள். கசிவு பெரும்பாலும் பிழை நேரும் பாதையில்தான் ஒளிந்திருக்கும்: நிரல் கோப்பைத் திறக்கிறது, மூன்றாம் வரியில் தவறு காண்கிறது, மூடாமலே திரும்பிவிடுகிறது. ஆகவே வேண்டுமென்றே பழுதான கோப்பைக் கொடுத்துச் சோதியுங்கள். நிரல் பிழைகளைக் கண்டறியும் கருவியான வால்க்ரிண்டில் கோப்புகளைக் கண்காணிக்கும் விருப்பத்தை இயக்கினால், மூடப்படாத கோப்பு நிரலின் எந்த இடத்தில் திறக்கப்பட்டது என்பதையும் காட்டும்.

அண்மைப் பதிப்பிலும் சோதித்து, ஏற்கெனவே அறிக்கை இருக்கிறதா என்று தேடிவிட்டு எழுதத் தொடங்குங்கள். ‘சர்வர் நின்றுவிடுகிறது’ என்ற தலைப்பு யாருக்கும் உதவாது. ‘பழுதான அமைவுக் கோப்பை மறுவாசிப்புச் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பு மூடப்படாமல் போகிறது’ என்று எழுதுங்கள். நிரல், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இவற்றின் பதிப்புகள், கொடுத்த கட்டளைகள், முன்னும் பின்னும் எண்ணிய எண்ணிக்கை, சிக்கலைக் காட்டும் மிகச் சிறிய கோப்பு எல்லாம் இருக்கட்டும். பதிவுகளில் கடவுச்சொல் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

ஒரு முக்கியமான விலக்கு: வெளியாள் வலைவழியாகவே இந்தக் கசிவைத் தூண்ட முடியுமென்றால், அதைக் கொண்டு சர்வரை முடக்கவும் முடியும். அப்போது பொதுவில் எழுதாமல், திட்டத்தின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக அனுப்புங்கள்.

திருத்தம் வந்ததும் அதே 100 முறைச் சோதனையைச் செய்து, புதிய எண்ணிக்கையை அறிக்கையின் கீழே சேர்த்துவிடுங்கள்.