பைதான் டெஸ்க்டாப் ஆப் ஹேங் ஆகாம இருக்க என்ன பண்ணணும்: த்ரெட், க்யூ, ஆஃப்டர்

டிகிண்டர்ல (பைதான்ல விண்டோ, பட்டன் எல்லாம் செய்யுற லைப்ரரி) ஒரு பட்டன் வச்சு, அதை அமுக்குனா பெரிய வேலை ஒன்னு ஓடுற மாதிரி எழுதிப் பாத்தவங்களுக்கு இது நல்லாவே தெரியும். அமுக்குன பட்டன் அமுங்குனபடியே நிக்கும், விண்டோவை நகர்த்த முடியாது, விண்டோஸா இருந்தா ஒரு 5 செகண்ட்ல டைட்டில் பக்கத்துல நாட் ரெஸ்பாண்டிங்னு வந்துடும், யூசர் ப்ரோக்ராம் செத்துப்போச்சுன்னு நெனச்சு மூடிடுவாரு. உள்ள வேலை என்னவோ ஒழுங்காத்தான் நடந்துட்டு இருந்திருக்கும், அதான் கொடுமை.

இதை சரி பண்ண ஒரு நிஜமான டூலையே எடுத்துக்கலாம்: ஒரு ஃபோல்டரை குடுத்தா, அதுல ஒரே போட்டோ ரெண்டு மூணு தடவ காப்பி ஆகிக் கெடந்தா கண்டுபிடிச்சு சொல்லணும். ஃபோன்ல இருந்து வாட்ஸ்அப் படங்களை அப்படியே லேப்டாப்ல கொட்டி வச்சிருக்கவங்களுக்கு உடனே உதவும். பிப் போட்டு எதையும் இறக்க வேணாம், எல்லாமே பைதானோடயே வருது. உபுண்டு மாதிரி சில லினக்ஸ்ல டிகிண்டரை தனி பேக்கேஜா போட வேண்டி வரும்.

இன்னொன்னு, கீழ ஃபங்ஷன் பேரெல்லாம் தேடு, பாருன்னு தமிழ்லதான் சொல்லப்போறேன். பைதான் 3-ல பேரை நெஜமாவே தமிழ்ல வச்சாலும் ஓடும், பயப்படாம அப்படியே டைப் பண்ணிப் பாருங்க.

ஏன் ஹேங் ஆகுது?

டிகிண்டர் ப்ரோக்ராமோட கடைசி வரியில மெயின்லூப்னு ஒன்ன கூப்பிடுவோம்ல, விண்டோவுக்கு உயிரே அதுதான். மவுஸ் கிளிக், கீபோர்டு, விண்டோவை திரும்ப வரையுறது எல்லாத்தையும் அது ஒவ்வொன்னா எடுத்து முடிக்கும். உங்க பட்டன் ஃபங்ஷனும் அந்த வரிசையில ஒன்னு, அவ்ளோதான். அது 40 செகண்ட் எடுத்தா பின்னாடி இருக்க எல்லாமே 40 செகண்ட் நிக்கும்.

ஸ்டெப் 1: விண்டோவை மறந்துட்டு வேலையை மட்டும் எழுதுங்க

தேடு-ன்னு ஒரு ஃபங்ஷன், ஃபோல்டர் பேரை வாங்கிக்கணும், உள்ள டிகிண்டர் வாடையே இருக்கக்கூடாது. முதல்ல எல்லா ஃபைலையும் சைஸ் வாரியா பிரிச்சுக்கோங்க, சைஸ் வேற வேறயா இருந்தா ரெண்டும் ஒரே ஃபைலா இருக்க வாய்ப்பே இல்ல, அதனால பாதிக்கு மேல வேலை இங்கயே கழிஞ்சுடும். ஒரே சைஸ்ல ரெண்டு ஃபைல் இருந்தா மட்டும் ஹேஷ்லிப் மாட்யூல் வச்சு ஷா 256 ஹேஷ் (ஃபைலோட உள்ளடக்கத்துக்கு ஒரு கைரேகை மாதிரி) எடுத்து ஒப்பிடுங்க. பைதான் 3.11-ல இருந்து ஃபைல் டைஜஸ்ட்னு ஒரு ஃபங்ஷன் ஹேஷ்லிப்லயே இருக்கு, ஃபைலை பைனரி மோடுல திறந்து, கூடவே ஷா 256-ங்கிற பேரையும் குடுத்தா போதும். டெர்மினல்ல ஓட்டி சரியா வருதான்னு பாத்துட்டு அப்புறம் அடுத்த ஸ்டெப்புக்கு வாங்க. இங்க தப்பு இருந்து அதை த்ரெட்டுக்குள்ள (ஒரே ப்ரோக்ராமுக்குள்ள மத்த வேலையோட சேந்து தனியா ஓடுற இன்னொரு ஓட்டம்) வச்சு தேடுனா தலைவலிதான்.

ஸ்டெப் 2: தனி த்ரெட்ல ஓட விடுங்க

த்ரெட்டிங் மாட்யூல்ல த்ரெட்னு ஒரு கிளாஸ். டார்கெட்டுக்கு தேடு-ன்னு பேரை மட்டும் குடுக்கணும், பின்னாடி அடைப்புக்குறி போட்டீங்கன்னா அது அங்கயே, மெயின்லூப் ஓடுற மெயின் த்ரெட்லயே ஓடி முடிஞ்சு, பழையபடி விண்டோ உறைஞ்சு நிக்கும். ஃபோல்டர் பேரை ஆர்க்ஸ்ல குடுக்குறப்ப அது டியூப்பிளா இருக்கணும், ஒரே ஒரு மதிப்புதான்னாலும் அதுக்கப்புறம் ஒரு கமா கட்டாயம். கமாவை விட்டா ஃபோல்டர் பேரோட ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியா அனுப்பிட்டு, பேருல 12 எழுத்து இருந்தா, ஒரு ஆர்குமென்ட் எடுக்குற ஃபங்ஷனுக்கு 12 குடுத்திருக்கீங்கன்னு ஒரு எரர் வரும், புதுசா வர்றவங்க நிறைய பேர் முழிக்கிற இடம் இது. டீமன் ட்ரூன்னும் போட்டுடுங்க, விண்டோவை மூடுன பிறகும் பின்னாடி ப்ராசஸ் ஓடிட்டே இருக்காது.

ஸ்டெப் 3: த்ரெட் விண்டோவை தொடக்கூடாது

இதுதான் இந்தப் பதிவுலயே முக்கியமான விஷயம். தேடு ஓடுற த்ரெட்ல இருந்து நேரா லேபிளை மாத்தலாம்னு தோணும், சில நேரம் வேலையும் செய்யும், இன்னொரு மெஷின்ல மெயின் த்ரெட் மெயின்லூப்ல இல்லன்னு எரர் வரும், இல்லன்னா காரணமே தெரியாம நிக்கும். அதனால விண்டோவை தொடுறது மெயின் த்ரெட் மட்டும்தான்னு முடிவு பண்ணிக்கோங்க, விதிவிலக்கே வேணாம்.

அப்போ த்ரெட் எப்படி செய்தி சொல்லும்? க்யூ மாட்யூல்ல இருக்க க்யூ கிளாஸ் மூலமா. ஓட்டல்ல சர்வர் ஆர்டர் சீட்டை கிச்சன் கவுண்டர்ல குத்திட்டு போயிடுவாரு, மாஸ்டர் தனக்கு நேரம் வர்றப்ப எடுத்துப்பாரு, அதே கதைதான். த்ரெட் புட் பண்ணும், மெயின் த்ரெட் எடுத்துக்கும், லாக் எல்லாம் க்யூவே பாத்துக்கும். ஒவ்வொரு செய்தியையும் ரெண்டு பாகமா அனுப்புங்க, முதல்ல வகை, அப்புறம் விவரம்: எண்ணிக்கை, கிடைச்சுது, முடிஞ்சுது, பிழை. கடைசியா இருக்க பிழையை விட்டுடாதீங்க. த்ரெட்டுக்குள்ள வர்ற எரர் டெர்மினல்ல மட்டும்தான் தெரியும், டெர்மினல் இல்லாம ஆப்பை திறக்குற யூசருக்கு ஒன்னுமே தெரியாது, அதனால தேடு மொத்தத்தையும் ட்ரை எக்ஸெப்ட்ல சுத்தி, எரர் வந்தா அதையும் க்யூவுல போடுங்க.

ஸ்டெப் 4: ஆஃப்டர் வச்சு க்யூவை எட்டிப் பாருங்க

பாரு-ன்னு ஒரு ஃபங்ஷன். உள்ள கெட் நோவெயிட் வச்சு க்யூவுல இருக்கதெல்லாம் எடுத்து லேபிள், லிஸ்ட்பாக்ஸை மாத்துங்க, க்யூ காலின்னு எம்ப்டி எக்ஸெப்ஷன் வந்ததும் நிறுத்திக்கோங்க, கடைசி வரியில ரூட் (உங்க மெயின் விண்டோ) ஆஃப்டர்ல 100-ன்னு போட்டு பாரு-வையே திரும்ப குடுங்க. 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ அது வந்து பாத்துட்டு போகும். சும்மா கெட் போட்டா செய்தி வர்ற வரைக்கும் மெயின் த்ரெட் நின்னுடும், எதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டோமோ அது வீண். இங்கயும் பாரு-வுக்கு அடைப்புக்குறி கிடையாது, போட்டா தன்னைத்தானே கூப்பிட்டுக்கிட்டே போய் ரிக்கர்ஷன் எரர்ல முடியும்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் எண்ணிக்கை அனுப்ப வேணாம், 50 ஃபைலுக்கு ஒரு தடவ போதும்.

ஸ்டெப் 5: நிறுத்து பட்டன்

வேலை ஆரம்பிச்சதும் தேடு பட்டனை டிஸேபிள் பண்ணிடுங்க, இல்லன்னா ரெண்டு தடவ அமுக்கி ரெண்டு த்ரெட் ஓடும். நிறுத்துறதுக்கு, பைதான்ல த்ரெட்டை வெளிய இருந்து கொல்ல வழி இல்ல, அதுவா நிக்கணும். த்ரெட்டிங்ல இருக்க ஈவென்ட் எடுத்துக்கோங்க, நிறுத்து அமுக்குனா செட் பண்ணுங்க, தேடு ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னாடி செட் ஆகியிருக்கான்னு கேட்டு வெளிய வந்துடட்டும். 2 ஜிபி வீடியோ நடுவுல வந்தா அதை முடிச்சுட்டுதான் நிக்கும், அது பிடிக்கலன்னா ஃபைல் டைஜஸ்டை விட்டுட்டு 1 எம்பி துண்டு துண்டா நீங்களே படிச்சு ஒவ்வொரு துண்டுக்கும் கேளுங்க.

ஸ்டெப் 6: இன்னும் வேகம் வேணும்னா

2011-ல வந்த பைதான் 3.2-ல இருந்து கன்கரன்ட் ஃப்யூச்சர்ஸ்னு ஒன்னு இருக்கு, அதுல த்ரெட் பூல் எக்ஸிக்யூட்டர்ல 4 வொர்க்கர் குடுத்து ஹேஷை பங்கு போட்டு ஓட்டலாம். பைதானுக்குள்ள ஜில்னு (GIL) ஒரு பூட்டு இருக்கே, ஒரே நேரத்துல ஒரு த்ரெட்தான பைதான் கோடை ஓட்டும்னு கேப்பீங்க, ஆனா ஹேஷ்லிப் பெரிய டேட்டாவை கணக்கு போடுறப்ப ஜில்லை விட்டுக் குடுத்துடும், அதனால எஸ்எஸ்டில நல்லாவே வேகம் தெரியும். பழைய சுத்துற ஹார்டு டிஸ்க்னா வொர்க்கரை கூட்டாதீங்க, ஹெட் அங்கயும் இங்கயும் அலைஞ்சு இன்னும் மெதுவாகும். எக்ஸிக்யூட்டர்ல வேலை குடுத்தா திரும்ப வர்ற ஃப்யூச்சரோட ரிசல்ட்டை பட்டன் ஃபங்ஷனுக்குள்ள கேட்டா மறுபடி ஹேங், அதை தேடு த்ரெட்டுக்குள்ளயே கேட்டு க்யூவுல போடுங்க.

சுத்தமான பைதான் கணக்கு, பெரிய லூப் மாதிரி வேலைனா த்ரெட்டுக்கு பதிலா தனித்தனி ப்ராசஸா ஓட்டுற ப்ராசஸ் பூல்தான் சரி. அதுக்கு விண்டோ திறக்குற கோடு எல்லாம் நேம் மெயின் செக்குக்குள்ள (if __name__ == '__main__') இருக்கணும், இல்லன்னா விண்டோஸ்லயும் மேக்லயும் ஒவ்வொரு ப்ராசஸும் உங்க ஃபைலை முதல்ல இருந்து ஓட்டி தனக்குன்னு ஒரு விண்டோ திறந்துடும். 2024-ல வந்த 3.13-ல ஜில் இல்லாத தனி பில்ட் ஒன்னு சோதனையா குடுத்தாங்க, இந்த டூலுக்கு அது தேவைப்படாது.

எல்லாம் முடிஞ்சதும் பெரிய ஃபோல்டரா ஒன்னு குடுத்து, ஓடிட்டு இருக்கப்பவே விண்டோவை இழுத்துப் பாருங்க, நிறுத்து அமுக்குங்க, திரும்ப ஆரம்பிச்சு நடுவுல க்ளோஸ் பண்ணுங்க. க்ளோஸ் பண்ணப்புறம் டாஸ்க் மேனேஜர்ல பைதான் இன்னும் நிக்குதுன்னா டீமன் போட மறந்திருப்பீங்க, ஸ்டெப் 2-ஐ ஒருக்கா பாருங்க.