ராபின் ஹூட்ஸ் பே: இறங்கும் முன் அலை நேரம் பாருங்கள்

இங்கிலாந்தின் விட்பி பக்கம் போகிறவர்கள் ராபின் ஹூட்ஸ் பே கிராமத்தை விட்டுவிடாதீர்கள், ஆனால் காரை மேலேயே நிறுத்திவிடுங்கள், 1965-ல் மூடிய ரயில் நிலையம் இருந்த இடம்தான் இப்போது பார்க்கிங். அங்கிருந்து செங்குத்தான இறக்கம், வழுக்காத செருப்பு அவசியம்.

கீழே வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். 18-ம் நூற்றாண்டில் இது கடத்தல்காரர்களின் ஊர். கரையில் இறங்கிய பட்டு மூட்டை வெளிச்சமே படாமல் வீட்டுக்கு வீடு கைமாறி மேட்டுக்குப் போய்விடுமாம்.

1881 ஜனவரியில் இங்கே ஒரு கப்பல் சிக்கியபோது, விட்பியிலிருந்து உயிர்காக்கும் படகைப் பனிக்குள் ஆறு மைல் தரைவழியாகவே இழுத்து வந்து மாலுமிகளைக் காப்பாற்றினார்கள். நினைத்தாலே சிலிர்க்கிறது.

சரி, முக்கியமானது இதுதான்: பாறைகளில் புதைபடிவம் தேடப் போகிறீர்களானால் அலை இறங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்புங்கள், ஏறத் தொடங்கியதும் திரும்பிவிடுங்கள், குழந்தைகள் இருந்தால் இன்னும் முன்பே. தண்ணீர் ஏறினால் பாறைச்சரிவுக்கும் கடலுக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள். மழை வந்தால் ஒதுங்கக் கரையோரமே, நேஷனல் ட்ரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் பழைய கோஸ்ட்கார்ட் (கடலோரக் காவல்) நிலையம் இருக்கிறது. அப்புறம், மேலே ஏறிவரத் தனியாகக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.