நேபாளம் மிஷன் டிரிப்ல சின்னப் பசங்க கிளாஸ் உங்க தலையில விழுந்தா

டெல்லில நம்ம தமிழ் சர்ச் யூத் டீம் வெளிநாட்டுக்கு மிஷன் டிரிப்னு பேச ஆரம்பிச்சா முதல்ல வர்ற பேரு நேபாளம்தான், விசா வேணாம், ஃப்ளைட் ரெண்டு மணி நேரத்துக்குள்ள, ஹிந்திய வெச்சு சமாளிச்சிக்கலாம். கிட்டார் தெரிஞ்சவன் வொர்ஷிப்புக்கு போயிடுவான், கை பலம் உள்ளவங்க பெயிண்ட் அடிக்கப் போயிடுவாங்க, மிச்சம் இருக்குறவங்ககிட்ட "நீங்க குட்டிப் பசங்கள பாத்துக்கோங்க சிஸ்டர்"னு விட்டுடுவாங்க. ஏதோ ஈஸியான வேலை மாதிரி!

பேப்பர் வேலை முதல்ல. ஆதார் மட்டும் எடுத்துட்டு ஏர்போர்ட் போயிடாதீங்க, பெரியவங்களுக்கு பாஸ்போர்ட், இல்லன்னா வோட்டர் ஐடி வேணும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை மழை, மலை ரோட்டுல மண்சரிவு ஜாஸ்தி. தசரா லீவு இருக்கேன்னு அப்ப பிளான் போடுறவங்க அங்க ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, நேபாளத்துக்கும் அதே சமயத்துல வர்ற தசைன்தான் (அவங்க தசரா) பெரிய பண்டிகை, ஸ்கூல் பூட்டியிருக்கும், பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போயிருப்பாங்க. இன்னொண்ணு, அங்க வார லீவு காலங்காலமா சனிக்கிழமைங்கறதால ஆராதனையும் சனிக்கிழமைதான், சண்டே ஸ்கூல்னு நினைச்சு ஞாயித்துக்கிழமைக்கு எல்லாத்தையும் ரெடி பண்ணி வெச்சிருந்தா பசங்க வரமாட்டாங்க.

சட்டத்த சும்மா கேட்டுட்டு விட்டுடாதீங்க. 2015 அரசியல் சாசனத்துலயே மதம் மாத்தக்கூடாதுன்னு இருக்கு, 2018 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்த குற்றவியல் சட்டப்படி 5 வருஷம் வரை ஜெயில், 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம், வெளிநாட்டுக்காரங்கன்னா தண்டனை முடிஞ்சதும் நாட்டை விட்டே அனுப்பிடுவாங்க. அதனால சர்ச்சுக்குள்ள, விசுவாசிங்க வீட்டுப் பசங்களுக்கு, அந்த ஊர் பாஸ்டர் கேட்டத மட்டும் பண்ணுங்க. பக்கத்து ஸ்கூல்ல கூப்பிட்டா விளையாட்டு, கை கழுவுறது, படம் வரையறது, அதோட நிறுத்திக்கோங்க. வழியில பாக்குற பசங்களக் கூட்டி வெச்சு வசனம் சொல்லிக் கொடுக்குறது, மிட்டாய் கொடுத்து மீட்டிங்குக்கு கூப்பிடுறது எல்லாம் வேண்டவே வேண்டாம். நீங்க ஃப்ளைட் ஏறி வந்துடுவீங்க, போலீஸ் ஸ்டேஷன்ல போய் நிக்கப்போறது அந்த ஊர் பாஸ்டர்தான்.

அப்புறம் இந்த அனாதை இல்லம் விசிட். ஷெட்யூல்ல அது இருந்தா எடுத்துடுங்கன்னு லீடர்கிட்ட நேராவே சொல்லுங்க, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. நேபாளத்துல இந்த மாதிரி ஹோம்ல இருக்குற நிறைய பசங்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடதான் இருக்காங்க, படிக்க வைக்கிறோம்னு சொல்லி மலை கிராமத்துல இருந்து கூட்டிட்டு வந்து, பாக்க வர்றவங்க கொடுக்குற காசுல பொழப்பு நடத்துற இடமும் உண்டு. 2019ல ஐ.நா பொதுச்சபையே இந்த மாதிரி வாலன்டியர் டூரிஸத்தால குழந்தைங்களுக்கு கெடுதல்னு தீர்மானத்துல சேர்த்தாச்சு. ஒரு வாரம் மடியில உக்கார வெச்சு கொஞ்சிட்டு டாட்டா காட்டிட்டு வந்தா அந்தக் குழந்தை அடுத்த டீம்கிட்டயும் போய் ஒட்டிக்கும், பாக்க பாசம் மாதிரி இருக்கும், அது பாசம் இல்லைங்க.

இப்ப கிளாஸ். மூணுல இருந்து ஆறு வயசு பசங்கள ஒரு விஷயத்துல பத்து நிமிஷத்துக்கு மேல பிடிச்சு வைக்க முடியாது, அதனால ஒரு ஆக்‌ஷன் சாங், ஒரு ஓட்டம், ஒரு கதை, ஒரு கலரிங்னு மாத்திட்டே இருங்க. பழைய துப்பட்டா ரெண்டு மூணு எடுத்துட்டுப் போங்க, நாலு பக்கமும் பசங்கள பிடிக்கச் சொல்லி நடுவுல ஒரு துணிப் பந்த போட்டு மேல தூக்கி தூக்கிப் போட்டா மொழியே தேவையில்ல, கூச்சப்படுற குழந்தை கூட ஓரத்த வந்து பிடிச்சுக்கும். மணி, பட்டன், கடலை மிட்டாய், பலூன் இதெல்லாம் தொண்டையில சிக்குற ஐட்டம், பெட்டியிலயே வைக்காதீங்க. கதை சொல்றது அங்க இருக்குற டீச்சரா இருக்கட்டும், நீங்க படத்தப் பிடிச்சுட்டு நில்லுங்க. ஹிந்தி பெரியவங்களுக்குப் புரியும், நாலு வயசுக்குப் புரியணும்னு இல்லையே. சர்ச்ல பெரியவங்களப் பாத்தா "ஜெய் மசீஹ்" சொல்லுங்க, அங்க விசுவாசிங்க சொல்ற வணக்கம் அது. பசங்கள, பையன்னா பாபு, பொண்ணுன்னா நானின்னு கூப்பிடுங்க.

நம்ம அண்ணன்மாருக்கு ஒரு பழக்கம், குழந்தையோட ரெண்டு கையையும் பிடிச்சு கிர்ருனு சுத்துவாங்க. அஞ்சு வயசுக்குக் கீழ முழங்கை எலும்பு சட்டுனு விலகிடும், ஒரு இழுப்பே போதும். குழந்தை அழுதுட்டே கையைத் தொங்கவிட்டுட்டு அசைக்க மாட்டேங்குதுன்னா உருவி விடாதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. தூக்கணும்னா அக்குள்ல கை கொடுத்து தூக்கணும்.

எப்பவும் ரெண்டு பெரியவங்க சேர்ந்தே இருங்க, கதவு திறந்திருக்கட்டும், பாத்ரூமுக்கு கூட்டிட்டுப் போறது அவங்க டீச்சர்தான். நம்ம சர்ச்லயும் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் கேளுங்க, "எல்லாம் நம்ம ஆளுங்கதானே"ன்னு ஒரு அங்கிள் கண்டிப்பா சொல்லுவாரு, சிரிச்சுட்டே ஃபார்ம நீட்டுங்க. யாரு மேலயாவது சந்தேகம் வந்தா டீம்க்குள்ள பேசி அமுக்கிடாதீங்க, அங்கயும் சைல்ட் ஹெல்ப்லைன் நம்பர் 1098தான். போட்டோ எடுத்தா முதுகுப் பக்கமா, இல்லன்னா கை மட்டும், அதுவும் கேட்டுட்டு. முகம், பேரு, ஸ்கூல் பேரு ஸ்டேட்டஸ்ல போகவே கூடாது.

சளி, காய்ச்சல் இருந்தா அன்னிக்கு கிளாஸ் பக்கம் போகாதீங்க, நகம் வெட்டிக்கோங்க, கொதிக்க வெச்ச தண்ணி மட்டும் குடிங்க, டைஃபாய்டு ஊசி பத்தி கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

கிஃப்ட்ட நீங்களே கையில கொடுத்து கூட்டம் சேர்க்காதீங்க, மொத்தமா டீச்சர்கிட்ட கொடுத்துடுங்க, யாருக்கு எது எப்பன்னு அவங்களுக்குத் தெரியும். "அடுத்த வருஷம் வருவோம்"னு பசங்ககிட்ட சொல்லாதீங்க, டிக்கெட் போட்டப்புறம் டீச்சருக்கு போன் பண்ணிச் சொல்லிக்கலாம். கலர் பென்சில், சார்ட் பேப்பர் மிச்சம் இருந்தா டெல்லிக்கு தூக்கிட்டு வராதீங்க.