டெக்சஸ் வந்தாச்சா? பிள்ளையின் காலேஜ் கணக்கு இன்றைக்கே தொடங்கிவிட்டது

நீங்கள் இன்னும் பெட்டியைக்கூட முழுசாகப் பிரித்திருக்க மாட்டீர்கள். ஏதோ ஒரு பிறந்தநாள் விருந்தில் பேப்பர் தட்டில் இட்லியோடு நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் கேட்பார்: "பையன் ஒன்பதாவதா? அப்போ யூ.டி.யா, ஏ அண்ட் எம்மா?" நான் வந்த புதிதில் இது புரியாமல், "ரெண்டுல எது பெருசு?" என்று கேட்டுவைத்தேன். சிரித்தார்கள். ஆனால் அன்று யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தலை எண்ணிக்கையில் பெரியது ஏ அண்ட் எம், அதாவது டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம். காலேஜ் ஸ்டேஷன் என்கிற ஊரே அதைச் சுற்றி வளர்ந்ததுதான்; மாணவர்கள் 70,000க்கும் மேல். ஆஸ்டினில் உள்ள யூ.டி.யில், அதாவது டெக்சஸ் பல்கலைக்கழகத்தில், 50,000க்கும் மேல். அதற்கு அடுத்து ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் டென்டனில் உள்ள நார்த் டெக்சஸும் 45,000 அளவில் வரும். யூ.டி. ஆர்லிங்டன், லபக்கில் உள்ள டெக்சஸ் டெக், சான் மார்கோஸில் உள்ள டெக்சஸ் ஸ்டேட் மூன்றும் 40,000ஐ ஒட்டி. ரிச்சர்ட்சனில் இருக்கும் யூ.டி. டாலஸ் 30,000 சுமார். ஊரே பெயர் சொல்லும் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்கள் 5,000 பேர் அளவில்தான். அது தனியார், கதையே வேறு.

கம்யூனிட்டி காலேஜ்கள் என்னும் உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரிகளின் எண்ணிக்கையை இவற்றோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். ஹூஸ்டன் கம்யூனிட்டி காலேஜ், லோன் ஸ்டார், டாலஸ் காலேஜ் எல்லாம் பல்லாயிரம் பேர் படிக்கும் இடங்கள்தான். ஆனால் வேலை முடிந்து மாலையில் ஒரே ஒரு வகுப்புக்கு வருபவரும் கணக்கில் உண்டு, ஹைஸ்கூலில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் எடுக்கும் பதினாறு வயதுப் பிள்ளையும் உண்டு.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இப்போதே தீர்த்துக்கொள்வோம். வெறுமனே 'யூ.டி.' என்றால் ஆஸ்டின். யூ.டி. டாலஸ், யூ.டி. ஆர்லிங்டன் எல்லாம் ஒரே குடையின் கீழ் இருந்தாலும், நம் ஊரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் போல நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிச் சேர்க்கை, தனிப் பட்டம். டாலஸில் சேர்ந்துவிட்டு ஆஸ்டினுக்குச் சுலபமாக மாறிக்கொள்ளலாம் என்று எண்ணி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யூ.டி.யும் ஏ அண்ட் எம்மும் மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாயின என்று கேட்டால், பாதி பதில் எண்ணெய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாநிலம் இவற்றுக்காக மேற்கு டெக்சஸில் வறண்ட நிலத்தை ஒதுக்கி வைத்தது. மாடு மேய்க்கத்தான் ஆகும் என்றிருந்த இடத்தில் 1923இல் சாந்தா ரீட்டா என்ற கிணறு எண்ணெயைப் பீய்ச்சியது. அந்த நிலத்திலிருந்து வரும் பணம் ஒரு நிதியில் சேர்கிறது; அதன் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு யூ.டி. குடும்பத்துக்கு, ஒரு பங்கு ஏ அண்ட் எம் குடும்பத்துக்கு. அந்தக் கிணற்றின் பழைய எந்திரத்தை ஆஸ்டின் வளாகத்தின் ஓரத்தில் இப்போதும் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

சரி, இப்போது உங்கள் பணத்துக்கு வருவோம். எந்தக் கல்லூரி என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் டெக்சஸில் குடியேறிய நாள். மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம், அதாவது 'இன்-ஸ்டேட்' கட்டணம், கிடைக்க, மாணவர் உங்களைச் சார்ந்தவர் என்றால், செமஸ்டரின் கணக்கெடுப்பு நாளுக்கு முன் பெற்றோர் 12 மாதம் இங்கே நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும். வழக்கமான செமஸ்டர்களில் அந்த நாள் வகுப்பு நடக்கும் 12ஆம் நாள். எச்1பி, எல்1 வேலை விசாக்காரர்கள், அவர்களைச் சார்ந்த எச்4, எல்2 குடும்பத்தார் எல்லாரும் இந்தச் சலுகைக்குத் தகுதி உள்ளவர்கள். எஃப்1 மாணவர் விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது. இன்-ஸ்டேட் கட்டணம் ஆஸ்டினில் ஆண்டுக்கு 12,000 டாலரை ஒட்டி இருந்தால், வெளியாருக்கு 40,000க்கும் மேல். தங்குமிடம், சாப்பாடு தனி.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியவளுக்கு இன்-ஸ்டேட் கட்டணத்துக்கான படிவம் நிரப்பும்போது பெற்றோர் என்ற இடத்தில் மனைவியின் பெயரைப் போட்டோம். வீட்டு லீஸ், கரன்ட் பில், தண்ணீர் பில் எல்லாம் என் பெயரில். கல்லூரி திருப்பி அனுப்பிவிட்டது. என் பெயரில் மறுபடி அனுப்பி, அது ஒருவர் மேசையிலிருந்து இன்னொருவர் மேசைக்குப் போய்ச் சேர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் போர்ட்டலைத் திறந்தால் வெளிமாநிலக் கட்டணம் சிவப்பு எழுத்தில் முழித்துக்கொண்டிருக்கும். மனைவிக்குத் தூக்கமே இல்லை. ஆகவே லீஸில் இருவர் பெயரும் இருக்கட்டும். பழைய லீஸைக் குப்பையில் போடாதீர்கள்.

எச்4 பிள்ளைகளுக்கு 21 வயதில் அந்த விசா முடிந்துவிடும், படிப்பின் நடுவிலேயே எஃப்1க்கு மாற வேண்டி வரும். மத்திய அரசின் உதவித்தொகையும் எச்4இல் கிடைக்காது. இதை வாட்ஸ்அப் குழுவில் கேட்டுத் தீர்த்துக்கொள்ளாமல் ஒரு குடியேற்ற வக்கீலிடமே கேளுங்கள்.

அடுத்தது ரேங்க். 1997இல் வந்த சட்டப்படி டெக்சஸ் ஹைஸ்கூலில் வகுப்பின் முதல் 10 சதவீதத்தில் வருபவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. யூ.டி. ஆஸ்டினுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பல ஆண்டுகள் 6 சதவீதமாக இருந்ததை 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து 5 ஆக்கிவிட்டார்கள். இடம் உறுதி என்றால் நீங்கள் கேட்ட துறை உறுதி என்று அர்த்தம் இல்லை. ரேங்கில் உள்ளே போன பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்காமல் போகலாம். ஏ அண்ட் எம்மில் பொறியியல் என்றால் முதலாண்டு எல்லாரும் பொதுப் பொறியியல்தான், அந்த ஆண்டு வாங்கும் மதிப்பெண்ணை வைத்துத்தான் கிளை. பன்னிரண்டாவது முடிந்தால் நிம்மதி என்று நினைக்கும் நம் ஆட்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்.

பிள்ளை ஒன்பதாவது, பத்தாவதை இந்தியாவில் முடித்துவிட்டு வந்தால், பள்ளியில் சேர்க்கும் முதல் வாரமே கவுன்சிலரிடம் ஒன்று கேளுங்கள்: பழைய மார்க்கை எப்படி மாற்றுவீர்கள், அது ரேங்கில் சேருமா? ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் ஒவ்வொரு விதம். ஃப்ரிஸ்கோ, ப்ளேனோ, கேட்டி போன்ற புறநகர்களில் முதல் 5 சதவீதம் என்பது அரைப் புள்ளி, கால் புள்ளிச் சண்டை. நல்ல பள்ளி என்று தேடிப்போய் வீடு எடுத்ததே ரேங்கில் உதைக்கும். என்னைக் கேட்டால், நடுத்தரமான பள்ளியில் நிம்மதியாக இருக்கும் பிள்ளைதான் மேல். ஆனால் இதை எங்கள் சங்கக் கூட்டத்தில் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

கம்யூனிட்டி காலேஜைப் பற்றி நம்மவர்களிடம் ஓர் இளக்காரம் உண்டு. எனக்கும் இருந்தது. சின்னவன் கோடையில் இரண்டு பாடம் எடுத்தபிறகு போய்விட்டது. டெக்சஸில் பாடங்களுக்குப் பொதுவான எண் முறை இருக்கிறது: ஆங்கிலம் 1301, வரலாறு 1301, அரசியல் 2305, கால்குலஸ் என்றால் கணிதம் 2413. அரசுக் கல்லூரிகளுக்கெல்லாம் பொதுவாக 42 கிரெடிட் அடிப்படைப் பாடங்கள். அமெரிக்க வரலாறும் அரசியலும் யாராக இருந்தாலும் படித்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. ஆஸ்டினில் முந்நூறு பேர் அரங்கில் கேட்கப்போகும் அதே வரலாற்றை வீட்டுப் பக்கத்தில் முப்பது பேரோடு, கொஞ்சக் காசில் முடித்துவிட்டுப் போகலாம். எடுப்பதற்கு முன், போகப்போகும் பல்கலைக்கழகத்தின் கிரெடிட் மாற்றுப் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா, உங்கள் துறைக்கு அது உதவுமா என்று பார்த்துவிடுங்கள். இன்னொன்று, ஹைஸ்கூல் முடித்தபின் எடுக்கும் பாடங்களில் மொத்தம் ஆறைத்தான் பாதியில் விடலாம். பிடிக்கவில்லை என்று விட்டுக்கொண்டே போக முடியாது.

இதிலும் முகவரி விளையாடும். கம்யூனிட்டி காலேஜ் சொத்து வரியில் ஓடுவதால் அந்த மாவட்டத்துக்காரருக்குத்தான் குறைந்த கட்டணம். ஃப்ரிஸ்கோ ஊர் காலின், டென்டன் என்று இரண்டு கவுன்டியில் கிடக்கிறது. காலின் காலேஜுக்கு காலின் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளூர், அதே ஊரில் டென்டன் பக்கம் இருப்பவர் வெளியூர். வாடகை வீடு பார்க்கும்போது எந்த ஏஜென்டும் இதைச் சொல்ல மாட்டார்.

எம்.எஸ். படிக்கத் தனியாக வரும் தம்பி தங்கைகளுக்குக் கணக்கு வேறு. உங்களுக்கு 12 மாத விதி உதவாது. ஆனால் பாதி நேர டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) அல்லது ஆர்.ஏ. (ஆராய்ச்சி உதவியாளர்) வேலை கிடைத்தால் இன்-ஸ்டேட் கட்டணம். பல்கலைக்கழகம் போட்டி வைத்துத் தரும் 1,000 டாலர் உதவித்தொகை கிடைத்தாலும் அதே சலுகை கிடைக்கக்கூடும். அந்த ஆயிரத்தைவிட அது திறக்கும் கதவுதான் பெரிது, அதனால் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே துறைக்கு எழுதிக் கேளுங்கள். கார் இல்லாமல் எங்கே காலம் தள்ளலாம் என்பதையும் யோசியுங்கள். யூ.டி. டாலஸில் பஸ் உண்டு. 2025 அக்டோபரில் திறந்த சில்வர் லைன் ரயில் வளாகத்துக்குப் பக்கத்திலிருந்து விமான நிலையம் வரை போகிறது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கும் ரயில் உண்டு. ஆர்லிங்டனில் வழித்தடப் பஸ்ஸே கிடையாது, ஆப்பில் கூப்பிட்டால் வரும் வேன்தான்.

தமிழ் விட்டுப்போகக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். யூ.டி. ஆஸ்டினில் பல ஆண்டுகளாகத் தமிழை மொழிப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் சேரும் செமஸ்டரில் வகுப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தடுப்பூசி. 22 வயதுக்குக் கீழே உள்ள புது மாணவர்கள் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டிருக்க வேண்டும்: ஐந்து ஆண்டுக்குள், வகுப்பு தொடங்க 10 நாளாவது முன்னால். சென்னையில் போட்ட அட்டை கையில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். ஊசி போட்டதற்குச் சான்று இல்லாவிட்டால் பாடமே பதிவு செய்ய விடமாட்டார்கள்.

இத்தனையும் பார்த்தபிறகு வளாகங்களை நேரில் போய்ப் பாருங்கள், முடிந்தால் ஆகஸ்ட் மாதம் மதியம் மூன்று மணிக்கு. வெயிலில் கார் நிறுத்துமிடத்திலிருந்து வகுப்புக் கட்டடம் வரை நடந்தால்தான் 70,000 என்றால் என்னவென்று காலுக்குத் தெரியும். காலேஜ் ஸ்டேஷனில் நாங்கள் நடந்தபோது எதிரே வந்த முன்பின் தெரியாத பிள்ளைகளெல்லாம் வணக்கம் சொல்வதுபோல் "ஹௌடி" என்றார்கள். என் பையன் யாரையோ சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றாமல் மெமோரியல் ஸ்டூடன்ட் சென்டருக்குள் நுழைந்தேன். ஒரு மாணவர் பக்கத்தில் வந்து, இந்தக் கட்டடம் போரில் இறந்த எங்கள் பழைய மாணவர்களின் நினைவிடம், தொப்பியை எடுத்துவிடுங்கள், வெளியே புல் மேலும் நடக்காதீர்கள் என்று பணிவாகச் சொன்னார். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். வழுக்கைத் தலையோடு சுற்றிய அப்பாவைப் பார்த்துப் பையன் அன்றைக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவன் சேர்ந்தது வேறு இடத்தில்.