பராமரிப்பாளர் இல்லையா? ஃபோர்க் பட்டனை அழுத்தும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டிக்கு எடைச்சீட்டு அடிக்கும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வண்டியோடு எடை போடும் வேபிரிட்ஜிலிருந்து சீரியல் போர்ட் வழியாக வரும் எண்ணைப் படிக்க ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் பைதான் லைப்ரரி இருக்கிறது, அதை நம்பித்தான் எல்லாமே ஓடுகிறது. போன சீசன் தொடக்கத்தில் கணினியைப் புதுப் பைதானுக்கு மாற்றியதும் அது நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் கடைசி கமிட் (கோடில் பதிந்த மாற்றம்) மூன்று வருஷத்துக்கு முந்தையது. வாசலில் லோடு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அன்று ராத்திரியே ஃபோர்க் (மூலக் கோடின் தனி நகல்) எடுத்து, பெயரை மாற்றி, கோட் முழுவதையும் ஃபார்மேட்டரில் போட்டு ஒழுங்குபடுத்தி, பைதான் லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் ஏற்றிவிட்டேன். உண்மையில் தேவைப்பட்டது நான்கு வரி மாற்றம். சொல்லப்போனால் அதுகூட அன்றைக்குத் தேவையில்லை, பழைய பைதானிலேயே சீசன் முடியும்வரை ஓட்டியிருக்கலாம்.

கடைசி கமிட் தேதியை மட்டும் பார்த்து 'செத்துப்போச்சு' என்று முடிவு கட்டியது முதல் தவறு. சில லைப்ரரிகளில் செய்ய வேண்டியது முடிந்திருக்கும், அதனால் அமைதியாக இருக்கும். பயனர்கள் எழுதும் இஷ்யூக்களுக்கு யாராவது பதில் சொல்கிறார்களா, பாதுகாப்பு ஓட்டை தெரிந்தும் திருத்தாமல் கிடக்கிறதா, மற்றவர்கள் திருத்தி அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்கள் யாரும் திறந்துகூடப் பார்க்காமல் தேங்கி நிற்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது, கேட்காமல் இருந்தது. இதைத்தான் பலரும் செய்கிறோம், இதில்தான் இழப்பும் அதிகம். இரண்டு மாதம் கழித்து அந்த லைப்ரரியின் பராமரிப்பாளருக்கு மெயில் போட்டேன், நான்கே நாளில் பதில் வந்தது. திருத்தம் ஏற்கெனவே வேறொரு கிளையில் (பிராஞ்ச்) இருக்கிறதாம், சோதித்துப் பார்க்க அவரிடம் எடைக் கருவி இல்லை, அதனால்தான் வெளியிடவில்லை என்றார். எனக்கோ எதிரிலேயே நாற்பது டன் வேபிரிட்ஜ்!

கேட்கும்போது 'நானே பார்த்துக்கொள்கிறேன், சாவியைக் கொடுங்கள்' என்று தொடங்காதீர்கள். 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜை உதவ வந்த ஒருவரிடம் ஒப்படைத்தார்கள், அதில் பிட்காயின் வாலட்டைத் திருடும் கோட் நுழைந்தது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியில் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல வேலை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, 2024இல் 5.6.0 பதிப்பில் பின்கதவு வைத்தார். களைத்துப்போன பராமரிப்பாளரைத்தான் இப்படிப்பட்டவர்கள் தேடி வருகிறார்கள், ஆகவே அவர் தயங்கினால் அது நியாயம். சோதிக்கிறேன், ரிவ்யூ செய்கிறேன் என்று கைகொடுங்கள்.

ஏற்கெனவே வேறு யாராவது ஃபோர்க் எடுத்திருக்கிறார்களா என்று பார்க்காமல் விடுவதும் தவறுதான். பைதானின் பழைய பட லைப்ரரி பிஐஎல் 2009க்குப் பிறகு வெளியீடு இல்லாமல் நின்றபோது, 2010இல் பில்லோ பிறந்தது. பைதான் 3க்கான ஆதரவு 2013இல் பில்லோ 2.0இல் வந்தது. இறக்குமதி செய்யும் பெயரைப் பிஐஎல் என்றே வைத்திருந்ததால் பழைய நிரல்களைப் பெரிதாக மாற்ற வேண்டியிருக்கவில்லை. அப்படி ஒன்று இருக்கும்போது புதிதாக இன்னொன்று எதற்கு? ஆனால் முன்பின் தெரியாதவரின் ஃபோர்க் என்றால், மூலத்தோடு ஒப்பிட்டு மாறிய வரிகளைப் படித்துவிட்டு எடுங்கள்.

ஃபார்மேட்டர் போட்டதால் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்ட எல்லா வரியும் மாறியதாகக் காட்டியதால், அவருடைய கிளையிலிருந்த திருத்தத்தை என் பக்கம் இழுக்க ஒரு நாள் முழுக்க மோதல்களோடு மல்லுக்கட்டினேன். உரிமம் எம்ஐடி, பதிப்புரிமை வரியை அப்படியே வைக்க வேண்டும், நானோ அவசரத்தில் அழித்திருந்தேன். பிறகு திரும்பச் சேர்த்தேன்.

பைபிஐயில் ஏற்றினால் அது ஊருக்குக் கொடுக்கும் வாக்கு. என் ஃபோர்க்கை யாரோ நிறுவி, தன் கருவியில் எடை தவறாக வருகிறது என்று எழுதியிருந்தார். அந்தக் கருவி என்னிடம் இல்லை. உங்களுக்கு மட்டும் தேவையென்றால் மாறிய வரிகளை மட்டும் ஒரு பேட்ச் ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது திருத்திய கமிட்டைச் சுட்டி நிறுவுங்கள், பொதுவில் புதுப் பெயர் வேண்டாம். சில வாரம் காத்தும் பதில் இல்லை, உங்களோடு இன்னொருவராவது சேர்ந்து சுமக்கத் தயார், அடுத்த வருஷமும் இதே கருவியை வைத்திருப்பீர்கள் என்றால், சரி, தாராளமாக எடுங்கள்.

அவருடைய திருத்தத்தை மண்டியில் மூன்று நாள், காலி வண்டியிலும் லோடு வண்டியிலும் சோதித்து முடிவுகளை அனுப்பினேன், புதுப் பதிப்பு வந்தது. என் ஃபோர்க்கை ஆர்க்கைவ் செய்து (இனி மாறாது என்று பூட்டி), ரீட்மீயின் முதல் வரியில் மூலத்துக்கு வழிகாட்டியிருக்கிறேன்.